அடித்துவிடச் சொன்ன பதில்

பி.ஏ. சமூகவியல் கடைசி செமஸ்டரில் எங்களுக்கு ஒரு புராஜெக்ட் இருந்தது. அதை முடிக்காமல் பட்டம் கிடையாது. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு தெரிந்திருக்கும். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3-இல் முதன்மைப் பாடமும் அலைடும், பகுதி 4-இல் சுற்றுச்சூழலும் வேல்யூ எஜுகேஷனும், பகுதி 5-இல் என்.எஸ்.எஸ். மாதிரி ஏதாவது ஒன்று. ஐந்தையும் தாண்டினால்தான் கவுன் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். இத்தனையிலும் மதிப்பெண்ணுக்காக மனிதர்களை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னது புராஜெக்ட் ஒன்றுதான்.

எனக்கு வந்த தலைப்பு, ‘பீடி சுற்றும் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு’. வந்த தலைப்பு என்றுதான் சொல்ல வேண்டும், நான் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் துறையில் ‘சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு’ என்கிற வால் நிரந்தரமானது. தலை மட்டும் வருடத்துக்கு வருடம் மாறும். ஆட்டோ ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பூ விற்கும் பெண்கள், செங்கல் சூளைத் தொழிலாளர்கள். வங்கி மேலாளர்களின் சமூகப் பொருளாதார நிலையை ஆராய்ந்து வா என்று எங்களில் யாரையும் அனுப்பியதில்லை. அனுப்பியிருந்தால் வாட்ச்மேனைத் தாண்டியிருக்க மாட்டோம். ஏழை வீட்டு வாசலில் வாட்ச்மேன் கிடையாது. ஒரு பேடும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனால் பாய் விரித்து உட்காரச் சொல்வார்கள். எங்கள் ஆய்வுமுறையின் முதல் விதி இதுதான், ஆனால் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அறுபது பேரிடம் படிவம் நிரப்ப வேண்டும். ஆலங்குளம் பக்கம் ஒரு ஊருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் பெண்கள் மடியில் சுளவு வைத்து உட்கார்ந்திருப்பார்கள். வெட்டின இலையை எடுத்து, தூள் வைத்து, சுருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கி, அடுத்த இலை. நான் கேள்வி கேட்கும்போதும் கை நிற்காது. ஆனால் வேகம் குறையும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களிடம் அரை மணி நேரம் பேச்சுக்கொடுத்தால் நாற்பது பீடியாவது குறையும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

நாற்பத்தொரு படிவம் வரை ஒழுங்காகப் போனேன். பிறகு மாடல் தேர்வு வந்தது, காசும் தீர்ந்தது. மீதிப் பத்தொன்பதை ஹாஸ்டல் அறையில் ஒரே ராத்திரியில் நானே நிரப்பினேன். வயதை மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டு வகைப் பேனா பயன்படுத்தினேன். மறுநாள் காலை வேல்யூ எஜுகேஷன் தேர்வில் நேர்மையைப் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. அதற்கும் நன்றாகவே எழுதினேன்.

அட்டவணைகளை டி.டி.பி. சென்டரில் அடித்தாயிற்று. அப்புறம் கைடு, “களத்துல எடுத்த போட்டோ ரெண்டு மூணு வச்சா நல்லாருக்கும்” என்றார். போட்டோ எடுக்க மறுபடி அந்த ஊருக்குப் போனேன். திரும்பும்போது பஸ் ஸ்டாப்புக்கு ஒரு பெண்பிள்ளை ஓடி வந்தாள். பத்தாம் வகுப்போ என்னவோ படிப்பவள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

“அண்ணே, எங்கம்மா அன்னைக்கு ஒண்ணு சொன்னாவள்ளா, அத அடிச்சிரச் சொன்னாவ.”

அவள் அம்மாவை எனக்கு நினைவிருந்தது. ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கேட்டபோது அவர் கை நின்றுபோனது. அத்தனை வீடுகளில் கை நின்றது அங்கே மட்டும்தான். “இதெல்லாம் எழுதிட்டுப் போயி என்ன தம்பி செய்யப் போறிய?” என்று கேட்டார். “சும்மா, காலேஜுக்குத்தான்கா” என்றேன். கொஞ்ச நேரம் நூற்கண்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பதில் சொன்னார். என்ன கேள்வி என்று இங்கே எழுத மாட்டேன். கேள்வியைச் சொன்னால் பதிலும் தெரிந்துவிடும்.

“சரிம்மா, அடிச்சிருதேன்னு சொல்லு” என்றேன். ஹாஸ்டலுக்கு வந்து அந்தப் படிவத்தை எடுத்து, அந்த வரியைப் பேனாவால் அடித்தேன். ஆனால் அட்டவணையில் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றவர்கள் 12 பேர் என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. 60-க்கு 12, முழுசாக 20 சதவீதம். 11 ஆக்கினால் 18.33 என்று வரும். கீழே எழுதியிருந்த விளக்கப் பத்தியை மாற்ற வேண்டும், வட்ட வரைபடத்தை மாற்ற வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் காசு. மாற்றவில்லை. அப்படியே ரெக்ஸின் பைண்டிங், தங்க எழுத்து, கைடு கையெழுத்து, வைவா, பட்டம்.

•

பல வருடம் இந்தக் கதையில் என்னை உறுத்திக்கொண்டிருந்தது பொய்யாக நிரப்பிய பத்தொன்பது படிவங்கள்தான். தப்பு எங்கே என்று யார் கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள். இப்போது எனக்கு அதில் சந்தேகம் வந்துவிட்டது.

என் வகுப்பில் ஒரு நண்பன் அறுபதையும் கேன்டீனில் உட்கார்ந்தே முடித்தான். ஓர் ஊருக்கும் போகவில்லை, ஒருவரின் நேரத்தையும் எடுக்கவில்லை, யாருடைய டீயையும் குடிக்கவில்லை, யாருடைய கையையும் நிற்க வைக்கவில்லை. அவன் ஏமாற்றியது பல்கலைக்கழகத்தை. நானோ நாற்பத்தொரு வீட்டில் போய் உட்கார்ந்து, வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, எத்தனை கர்ப்பம் கலைந்தது என்றெல்லாம் கேட்டேன். கேட்டதற்கு எதுவும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒருவர் ஒன்றைத் திருப்பிக் கேட்டார், அதையும் கொடுக்கவில்லை. மோசடி செய்தவன் அவன். ஆனால் அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டால் யாரைக் குற்றவாளி என்பார்கள்?

இது வேண்டுமென்றே தலைகீழாக்கிய வாதம் மாதிரி தெரியலாம். அதனால் என் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். ‘கூலி போதவில்லை’ என்றவர்கள், உண்மையான 41 படிவத்தில் 35. நான் கற்பனையில் எழுதிய 19-இல் 16. சேர்த்தால் 51, அறுபதில் சரியாக 85 சதவீதம். தனித்தனியாகப் பார்த்தாலும் முதலாவது 85.4, இரண்டாவது 84.2. என் கற்பனை நிஜத்தோடு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் விலகியிருக்கிறது. நான் பெரிய தீர்க்கதரிசி என்பதால் அல்ல. பீடி சுற்றுகிறவருக்குக் கூலி போதவில்லை என்பது கேட்காமலே யாருக்கும் தெரியும்.

ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்தே சரியாக நிரப்பிவிட முடிகிற கேள்வித்தாள் எதைக் கேட்கிறது? நமக்கு முன்பே தெரிந்ததை மட்டும்தான். அப்படியென்றால் அந்த நாற்பத்தொரு பேரின் அரை மணி நேரமும் எதற்காகச் செலவானது? அவர்கள் சொன்னதில் நான் எதிர்பாராத ஒரே பதில் பஸ் ஸ்டாப்பில் திருப்பிக் கேட்கப்பட்டதுதான். அதை வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை.

ஆக, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஓர் இளைஞன் பட்டம் வாங்குவதற்காக முன்பின் தெரியாத ஒருவர் தன் வாழ்க்கையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு பாடத்திட்டம் விதிக்கலாமா? விதிக்கலாம் என்றால், அந்த விதியில் அவருடைய பங்கு என்ன?

•

அமெரிக்காவில் இந்த விஷயம் நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. அங்கே பல பல்கலைக்கழகங்களில் முதலாண்டு உளவியல் பாடம் எடுக்கும் மாணவர்கள், பாடத்தின் ஒரு பகுதியாக, துறையில் நடக்கும் ஆய்வுகளில் இத்தனை மணி நேரம் பங்கேற்க வேண்டும். அதாவது மாணவர்தான் மாதிரி. விருப்பமில்லையென்றால் அதற்குப் பதிலாக ஒரு சிறு கட்டுரை எழுதுவது போன்ற மாற்று வேலை தர வேண்டும். ஆய்வு முடிந்ததும் உன்னிடம் எதற்காக இதைச் செய்தோம் என்று விளக்க வேண்டும். பாதியில் எழுந்து போகலாம்.

இந்த நாகரிகம் தானாக வரவில்லை. அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் இருந்த ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை பார்த்துக்கொண்டிருந்தது. அது வெளியே வந்து நாடே கொதித்த பிறகு, 1974-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால் அமைந்த ஆணையம் 1979-இல் பெல்மான்ட் அறிக்கையை வெளியிட்டது. ஆளை மதிப்பது, நன்மை செய்வது, நியாயமாகப் பங்கிடுவது என்று மூன்று கொள்கைகள். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆய்வின் சுமையைத் தூக்குகிறவர்கள் யார், பலனை அனுபவிக்கிறவர்கள் யார் என்று அது கேட்கிறது. சுலபமாகக் கிடைக்கிறார்கள் என்பதற்காகவே ஒரு கூட்டத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளாதே என்கிறது. எங்கள் துறையின் பழைய தலைப்புகளை அதன் முன்னால் வைத்துப் பாருங்கள். நான் படித்த, பார்த்த எந்தக் கலைக் கல்லூரியிலும் பி.ஏ. புராஜெக்ட் எந்த அறக் குழுவின் முன்னும் போனதில்லை.

அமெரிக்க முறைக்கும் ஒரு விலை உண்டு. ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், ஆரா நோரென்சயான் மூவரும் 2010-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. உளவியலின் முன்னணி இதழ்களில் வந்த ஆய்வு மாதிரிகளில் 96 சதவீதம், உலக மக்கள்தொகையில் 12 சதவீதம் பேர் மட்டும் வாழும் நாடுகளிலிருந்து வந்தவை. சமூக உளவியலின் பெரிய இதழ் ஒன்றில் வந்த அமெரிக்க ஆய்வுகளில் 67 சதவீதம், முழுக்க உளவியல் படிக்கும் இளங்கலை மாணவர்களை மட்டுமே வைத்துச் செய்யப்பட்டவை. பட்டத்துக்கான ஒரு நிபந்தனை, யாரும் திட்டமிடாமலே, பதினெட்டு வயது அமெரிக்க மாணவனின் மனதை மனித மனம் என்று ஆக்கிவிட்டது.

அங்கே மாணவர் தன்னையே கொடுக்கிறார். அதனால் அறம் ஓரளவு தப்பிக்கிறது, அறிவு சுருங்குகிறது. இங்கே மாணவர் அடுத்தவரை எடுத்துக்கொள்கிறார். அறிவு விரிந்திருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை.

•

“படிக்கிற பையன், எங்கேயாவது பழகித்தானே ஆகணும்?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று ஊரில் சொல்வோம். அது பேர் அல்ல, வேர் என்று திருத்துகிறவர்களும் உண்டு. ஆயிரம் வேரைக் கண்டவன்தான் அரை வைத்தியன் ஆனான், பிற்பாடு யாரோ பழமொழியைக் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள். எது மூலமோ, எனக்கு இரண்டும் வேண்டும். தொழில் கற்க இரண்டு வழி இருப்பதை இரண்டும் சேர்ந்துதான் சொல்கின்றன. ஒன்றில் ஆட்களைச் செலவழிக்கிறோம். இன்னொன்றில் காடு மேடெல்லாம் அலைந்து நம்மையே செலவழிக்கிறோம்.

பெரியாஸ்பத்திரியில் நம் கையில் ஊசி குத்திப் பழகும் மருத்துவ மாணவரை நாம் பொறுத்துக்கொள்கிறோம். ஏனென்றால் அந்த ஊசியில் நமக்கும் மருந்து இருக்கிறது. என் கேள்வித்தாளில் அந்தப் பெண்களுக்கு என்ன இருந்தது? பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நல நிதியிலிருந்து கல்வி உதவித்தொகை உண்டு என்பது எனக்குத் தெரியும், புராஜெக்டின் இரண்டாம் அத்தியாயத்தில் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1976-ஆம் ஆண்டு நல நிதிச் சட்டத்தையும் பக்கம் பக்கமாகக் காப்பி அடித்து வைத்திருந்தேன். படிவத்தில் ‘நலத்திட்டங்கள் பற்றிய விழிப்புணர்வு உள்ளதா?’ என்று ஒரு கேள்வியும் இருந்தது. ‘இல்லை’ என்று சொன்னவர்களிடம் ‘இல்லை’யில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். இப்படி ஒரு திட்டம் இருக்குக்கா, அடையாள அட்டை இருந்தா பிள்ளைக்கு எழுதிப் போடலாம் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. சொல்லத் தோன்றவே இல்லை. அவருடைய அறியாமை எனக்கு ஒரு தகவலாகத் தேவைப்பட்டது.

மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே, எப்போதும் அவரையே ஒரு நோக்கமாகவும் நடத்து என்று இம்மானுவேல் கான்ட் 1785-இல் எழுதினார். தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்தபோது ‘மட்டும்’ என்ற சொல்லைக் கவனிக்காமல் போய்விட்டேன். நாம் எல்லோரும் ஒருவரையொருவர் பயன்படுத்திக்கொண்டுதான் வாழ்கிறோம். பஸ் ஓட்டுநரை, டீக்கடைக்காரரை, ஆசிரியரை. கான்ட் அதைத் தடுக்கவில்லை. அவர் கேட்பது அந்த ‘மட்டும்’ விலகுகிறதா என்று. டீக்கடைக்காரர் காசு வேண்டும் என்கிறார், கொடுக்கிறோம். இன்றைக்குக் கடை இல்லை என்றால் திரும்பி வருகிறோம். அவருடைய ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ இரண்டுக்கும் இடமிருக்கிறது. அந்த அம்மா ஒருமுறை ‘வேண்டாம்’ என்றார். அப்போது அவர் என் படிவத்திலிருந்து எழுந்து ஆளாக நின்றார். நான் அவரை மறுபடி அட்டவணைக்குள் உட்கார வைத்தேன். காரணம், 20 என்ற முழு எண் பார்க்க அழகாக இருந்தது.

•

அப்படியானால் பேசாமல் அனுப்பாமலே இருந்துவிடலாமா? நூலகத்தில் உட்கார்ந்து தர்க்கைமையும் வெபரையும் படித்துப் பட்டம் வாங்கிப் போகட்டும், ஏழைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒரு கட்சி உண்டு. கொஞ்ச காலம் நானும் அந்தக் கட்சியில் இருந்தேன். என்னை மாற்றியது ஒரு பழைய புத்தகம்.

கில்பர்ட் ஸ்லேட்டர் என்கிற ஆங்கிலேயர் 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். வந்த இடத்தின் பொருளாதாரம் பற்றிப் பாடம் நடத்த வேண்டும்; ஆனால் கையில் சரியான தகவல் இல்லை. ஒரு கேள்விப்பட்டியலைத் தயாரித்துத் தன் மாணவர்களிடம் கொடுத்து, அவரவர் ஊரைப் பற்றி எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள். அந்த அறிக்கைகள் 1918-இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற பொருள்படும் ஆங்கில நூலாக வந்தன. தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு அதில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி போகிற வழியில் இருக்கும் கங்கைகொண்டானும் இருக்கிறது.

பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு ஆட்களை அனுப்பி மறு ஆய்வு செய்து 1940-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டேயிருந்தார்கள். இருவேல்பட்டைப் பற்றி ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் எழுதிய கட்டுரை 1916-இல் தொடங்கி 2008-இல் முடிகிறது. ஒரு கிராமத்தில் நிலமும் கூலியும் சாதியும் எப்படி மாறின என்பதை ஏறத்தாழ நூறு வருடத்துக்கு வரிசையாகப் பார்க்க முடிகிற இடங்கள் உலகத்திலேயே குறைவு. அதன் முதல் கண்ணி, விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்களின் நோட்டுப் புத்தகம்.

ரொம்பவும் புகழ்ந்துவிடவும் கூடாது. 1916-இல் சென்னை மாகாணத்தில் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பது நமக்குத் தெரியும். பிராமணரல்லாதார் அறிக்கை அதே வருடம் டிசம்பரில்தான் வெளியானது, அதன் முக்கியமான புகார்களில் ஒன்றே அதுதான். அந்த மாணவர் தன் ஊர்ச் சேரிக்குள் போய் உட்கார்ந்து கேட்டிருப்பாரா, தெருமுனையில் நின்று கேட்டிருப்பாரா? சொந்த ஊர் என்றாலும் ஊரில் பாதிதான் அவருக்குச் சொந்தம். ஆனாலும் ஒன்று உண்டு. அவர் மறுபடி அந்த ஊருக்குத்தான் போயாக வேண்டும். தான் எழுதியது தவறென்றால் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பட்டம் வாங்கினேன், அந்த ஊர்ப் பஸ்ஸில் அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

யாருமே கேட்காமல் விட்டிருந்தால் இருவேல்பட்டுக் கூலிக்காரர் 1916-இல் எவ்வளவு நெல் வாங்கினார் என்பது யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். கேட்காமல் விடுவதும் ஒருவகை அநியாயம்தான். நான் போன ஊரிலேயே ஒரு பாட்டி, “இத்தன வருசத்துல இதெல்லாம் எங்கிட்ட யாரு கேட்டா?” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்பை என் குற்றத்துக்குப் பரிகாரமாகக் கணக்கு வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அது நடந்தது.

•

எம்.என். ஸ்ரீனிவாஸ் 1948-இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். ராம்புரா என்று அதற்குப் பெயர் மாற்றி வைத்தார். குறிப்புகளை வருடக்கணக்கில் ஒழுங்குபடுத்தி மூன்று பிரதிகள் வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் அவர் ஸ்டான்ஃபோர்டில், நடத்தை அறிவியல்களுக்கான உயராய்வு மையத்தில் இருந்தபோது அங்கே தீ வைக்கப்பட்டது. மூன்று பிரதிகளும் எரிந்தன. அதற்குப் பிறகு அவர் நினைவிலிருந்து எழுதியதுதான் 1976-இல் வந்த ‘நினைவில் நிற்கும் கிராமம்’ என்று பொருள்படும் நூல். இந்தியச் சமூகவியலில் எல்லோரும் படிக்கிற புத்தகம். தரவு எரிந்த பிறகும் ஆட்கள் எரியவில்லை.

என் படிவங்களுக்கு இந்தச் சோதனையை வைத்துப் பார்த்தேன். அறுபதும் எரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் அவை எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்றோ. நினைவிலிருந்து எழுது என்றால் என்னால் யாரைப் பற்றி எழுத முடியும்? பத்தொன்பது பேரைப் பற்றி ஒரு வரிகூட முடியாது, அவர்கள் இல்லவே இல்லை. மீதி நாற்பத்தொன்றிலும் ஐந்தாறு பேர்தான் தேறுவார்கள். சிரித்த பாட்டி. கண் தெரியாவிட்டாலும் விரலால் நூல் சுற்றிய ஒருவர். மகளை அனுப்பிய அம்மா. மற்றவர்களும் என்னைப் பொறுத்தவரை இல்லாமலே போனவர்கள்தான். அப்படிப் பார்த்தால் பொய்ப் படிவத்துக்கும் மெய்ப் படிவத்துக்கும் நான் நினைத்திருந்த இடத்தில் எல்லை இல்லை. முப்பத்தைந்து பேருடைய வீட்டில் உட்கார்ந்துகொண்டே அவர்களைக் கற்பனை செய்திருக்கிறேன்.

•

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். ‘இது இம்மாணவரின் சொந்த ஆய்வு எனச் சான்றளிக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடும் வேலை இப்போது என்னுடையது.

சென்ற முறை ஒரு மாணவி ஐம்பது படிவங்களைக் கொண்டுவந்து வைத்தார். தலைப்பு, பழக்கமான வால்தான். தலையும் பழக்கமானது: பீடி சுற்றும் பெண்கள். இரண்டு வகைப் பேனா. டிக் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. ராத்திரி ஒரே மூச்சில் நிரப்பிய படிவம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டுவதற்கு எனக்கு யோக்யதை இல்லை, திட்டாமல் இருப்பதற்கும் காரணம் இல்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, “இதுல எத்தன பேர நேர்ல பாத்தம்மா?” என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டு, “ஒருத்தர சார்” என்றார்.

“யார?”

“எங்கம்மாவ.”

அம்மா பீடி சுற்றுகிறவர். இவரும் கல்லூரி விட்டுப் போனதும் உட்கார்ந்து இலை வெட்டுகிறவர்தான். “அம்மாட்ட கேட்டு ஒண்ணு எழுதினேன் சார். மத்ததுல வயசும் பிள்ளைங்க எண்ணிக்கையும் மட்டும் மாத்திப் போட்டேன். எங்க தெருவுல எல்லாத்துக்கும் இதான சார் பதிலு.”

எனக்குப் பேச்சு வரவில்லை. மூன்று வருடமாக நாங்கள் நடத்திய எல்லாப் பாடத்திலும் ‘பதிலளிப்பவர்’ என்று எதிர்ப்பக்கம் உட்கார வைத்தது இவர் வீட்டைத்தான். ‘விளிம்புநிலை’, ‘முறைசாராத் தொழிலாளர்’ என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார், தன் அம்மாவை இன்னொருத்தரைப்போல. இப்போது பட்டத்தின் கடைசி நிபந்தனை, நீ பேடும் பேனாவும் எடுத்துக்கொண்டு உன் தெருவுக்கே வெளியாளாகப் போ என்கிறது. அவர் போகவில்லை. நான் செய்த அதே மோசடி. ஆனால் அது எனக்கு அதே மோசடியாகத் தோன்றவில்லை. தெரிந்ததை எதற்கு ஐம்பது முறை கேட்க வேண்டும் என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கையெழுத்துப் போடவும் முடியாது. ஐம்பது பேர் இல்லையே.

கடைசியில் என் கதையைச் சொன்னேன், பஸ் ஸ்டாப் உட்பட. பிறகு, “உங்க தெருவுல பத்துப் பேரப் பாரு. உனக்குத் தெரியாத ஒண்ணையாவது ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளு. எழுதினத இன்னொரு தடவ போயி அவங்களுக்கே வாசிச்சுக் காட்டு. வேண்டாம்னு சொன்னத எடுத்துரு” என்றேன். ஐம்பது என்பது எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை, வழக்கம்தான் என்பதை அப்போதுதான் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடம் நானும் பார்த்ததில்லை. துறைத் தலைவர், “பத்து மாதிரிய வச்சு என்னத்தப் பொதுமைப்படுத்துவீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பத்துப் பேரை வைத்துச் சதவீதம் போட முடியாதுதான். “போடல சார்” என்றேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் முறை போவதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தில் அவர் வீட்டிலும் பீடி குறையும். வெளியூர் மாணவர் என்றால் பஸ் காசை யார் கொடுப்பது? என்னிடம் பதினான்கு பேர் இருக்கிறார்கள், எல்லோரையும் இப்படி உட்கார வைத்துப் பேச முடியவில்லை. மற்ற சிலர் கொண்டுவந்ததில் சாய்ந்த டிக்குகளைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டேன். ஒருவர் விஷயத்தில் உறைத்தது பதினான்கு பேர் விஷயத்தில் உறைக்கவில்லை என்றால், என் அறமும் மாதிரி எடுத்துத்தான் வேலை செய்கிறது போலிருக்கிறது.

அவருடைய அறிக்கையில் ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி பாதியில் நிற்கும். கீழே, ‘இவர் கேட்டுக்கொண்டபடி இப்பகுதி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி. வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் அதில் விரலை வைத்து, “இங்க என்னம்மா இருந்துச்சு?” என்று கேட்டார்.

“அம்மா வேண்டாம்னுட்டாங்க சார்.”

“இல்ல, என்ன விஷயம்னு கேட்டேன்.”

“அதான் சார், வேண்டாம்னுட்டாங்க.”

தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். சுமாரான மதிப்பெண்தான் போட்டார்.